பூனைக்குட்டிகளுக்குத் துடக்கு

மச்சாள்,

இன்று கடையில் எனக்கு முன்னால் நின்றவள் கந்தகச் சவர்க்காரம் ஒன்றை உறை பிரித்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தபடி திருப்பி வைத்துவிட்டாள். எனக்கோ அந்த நாற்றம் போதவில்லை. இன்னும் கிட்டப் போய் நின்றேன். சண்டிலிப்பாய் வீட்டில் நீங்கள் கிட்ட வருமுன்னே உங்களை முந்திக்கொண்டு வந்து சேரும் மணமல்லவா அது!

அண்ணையைக் கட்டி நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அதிக காலமில்லை. புகையிலைக் கொட்டிலில் குட்டி போட்ட பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்தது. அதன் மூன்று குட்டிகளையும் நீங்கள் மடியில் அள்ளிவந்து, பஞ்சில் பால் நனைத்துப் பருக்கினீர்கள். கொஞ்ச நாளில் அவற்றின் காதோரத்திலும் மூக்கடியிலும் மயிர் கொட்டி, வட்டம் வட்டமாகச் செதில் விழுந்தது. படர்தாமரை. உங்கள் முழங்கையிலும் ஒரு சிவந்த வளையம்.

தீர்ப்புச் சொல்ல அம்மாவுக்கு நேரம் எடுக்கவில்லை. "உவையைச் சாக்கிலை போட்டுக் கட்டு. விடிய லொறியிலை ஏத்திக் கொடிகாமச் சந்தையிலை விட்டிட்டு வா," என்று அண்ணையிடம் சொன்னார்.

அம்மாவுக்கு எதிரே வாய் திறக்காத நீங்கள் அன்று திறந்தீர்கள். "மாமி, பிள்ளை பெத்தவள் துடக்குக் காக்கிறவள்தானே? அப்பிடி நான் இவையோடை கொட்டிலுக்கை இருக்கிறன். என்ரை கை உங்கடை குசினியிலை படாது. சுகம் வராட்டி நானே சாக்கிலை கட்டித் தாறன்."

கிருமி, தொற்று என்று நீங்கள் விளக்கியிருந்தால் அம்மா மூஞ்சையைத் திருப்பியிருப்பார். துடக்கு, தீட்டு என்றால் அவருக்கு விளங்கும். தனிப் பாய், தனிக் கோப்பை, தனிச் செம்பு எல்லாம் அவரே எடுத்துத் தந்தார்.

அப்போதிக்கரி ஐயாவிடம் அண்ணை களிம்பு வாங்கி வந்தார். வட்டங்களைச் சுற்றி மயிரைக் கத்தரித்து எரித்தீர்கள். கந்தகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, களிம்பு பூசி, நக்கிவிடாமல் அது காயும்வரை குட்டிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தீர்கள். அவை படுத்த சீலைத் துண்டுகளை அவித்துத் தோய்த்து வெயிலில் போட்டீர்கள். சமையல் என் தலையில் விழுந்தது. முதலில் என் சோற்றைக் குழையல் என்று திட்டிய அண்ணை, பிறகு ஒன்றுமே சொல்லாமல் தின்னத் தொடங்கினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, எட்ட நின்று உங்களோடு கதைப்பேன். ஓரடி கிட்ட வைத்தால் போதும். "அங்கை நில்லும்! உமக்குத் தொத்தினால், உம்மைப் பொம்பிளை பாக்க வாறவைக்கு நான் என்ரை பூனையையோ காட்டுறது?"

ஒரு நாள் அம்மாவின் கழுத்தில் ஒரு வளையம்! நீங்கள் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, அவர் உள்ளே போய்க் குட்டிகளைக் கழுத்தோடு அணைத்துக் கொஞ்சியிருக்கிறார். வெளியே வந்ததும் மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வாராம். துடக்குப் போயிற்று. படர்தாமரை போகவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "கழுத்தை நிமித்துங்கோ மாமி," என்று களிம்பை எடுத்தீர்கள்.

அம்மாவும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார். மாமியும் மருமகளும் உள்ளே இருந்து விழுந்து விழுந்து சிரிப்பதை நான் முற்றத்தில் தனியே நின்று கேட்டேன். அப்படியொரு பொறாமை எனக்கு.

புது மயிர் முளைத்த பிறகும் நீங்கள் மருந்தை நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறும்," என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எல்லாருக்கும் தோல் தெளிந்த பின் அண்ணை மெல்லச் சாக்கைப் பற்றிக் கேட்டார். அம்மா சீறினார். "ஆரின்ரை குட்டியளை ஆர் சாக்கிலை போடுறது? உன்னைப் போடுவன்!"

நீங்கள் அன்று தலைமுழுகி, ஈரத் தலையோடு முற்றத்துக்கு வந்தீர்கள். "இனிப் பயமில்லை, கிட்ட வாரும்," என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினீர்கள். வலித்தது. இன்னும் ஒருமுறை கிள்ளமாட்டீர்களா என்றிருந்தது.

உங்களைத் தொடாமல் அத்தனை நாள் நான் பொறுத்தது, என்றோ ஒரு நாள் வெளியே வருவீர்கள் என்று தெரிந்ததால்தான். நீங்கள் கண்மூடிய பிறகு இப்போதும் பொறுக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. கன்னமும் தொங்கிப்போயிற்று மச்சாள். நீங்கள் கிள்ளிய இடம் எதுவென்று மட்டும் எனக்கு இன்னும் தெரியும்.