உயிரோடு பார்த்தால்தான் கணக்கு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எப்படி என்பதற்கு, உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா மடியில் செத்த அந்த வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் இருந்தது. சொன்னது கால்நடை ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா, இன்று காலை அவரே போன் செய்து. சந்தேகமா, முடிவா என்று இரண்டு தடவை கேட்டேன், முடிவுதான் என்றார். அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அது இதனால்தானா என்பது இன்னும் தெரியாது. போனில் பேசினால் உள்ளே அவருக்குக் கேட்கும், அதனால் வாட்ஸப்பில் எழுதி அனுப்புகிறேன்.

அப்பாவின் பறவை கோஷ்டியை உனக்குத் தெரியும். ஞாயிறு காலை தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஏரியைச் சுற்றிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து, இன்னைக்கு யாருக்குப் புதுசு என்று ஆரம்பிப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்த பறவைதான் புதுசு. பார்த்தவர் எழுந்து நின்று எங்கே, எப்படி என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் வயிறெரிய வேண்டும். லிஃப்ட் ரிப்பேர் என்று காலமெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிடந்த மனுஷனுக்கு இந்த ஒரு ஆசைதான், ஆனால் ரொம்ப நாளாகப் புதுசே அமையவில்லை. பல் டாக்டர் வேறு, அண்ணே உங்களுக்கு இனிமே ஏரோப்ளேன்தான் புதுசு என்று வாராவாரம் சீண்டிக்கொண்டிருந்தார். செத்த பறவை கணக்கில் வராது என்று அவர்களுக்குள் ஒரு சட்டமும் உண்டு. போன மாதம் டீச்சர், ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஆந்தையைப் புதுசு என்று சொல்லப்போய்ப் பெரிய சண்டையாகி, உயிரோட பாத்தாத்தான் கணக்கு டீச்சர், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னவர் அப்பாதான்.

இந்த ஞாயிறு கரையோரப் புல்லில் ஒரு வெண்நெற்றி வாத்து, அந்த ஏரிக்கு அது வந்து யாரும் பார்த்ததில்லையாம். நிற்க முடியாமல், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தது. முதலில் பார்த்தவர் அப்பா, மற்ற ஆறு பேரும் மறுகரையில். வேறு யாராக இருந்தாலும் நோய் கண்ட பறவை என்று தள்ளி நின்றிருப்பார்கள், இவருக்குத் தோன்றியது ஒன்றுதான், அவர்கள் சுற்றி வருவதற்குள் இது செத்துவிட்டால் யாருக்கும் கணக்கில் வராதே. வெறுங்கையால் தூக்கி மடியில் வைத்து, தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, ஓடியாங்க, மூச்சு இருக்கும்போதே பாத்துருங்க என்று கத்தியிருக்கிறார். அது தலையை உதறியதில் வாயிலிருந்த ஈரம் அவர் முகத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் தெறித்தது, அதே கையால் துடைத்துக்கொண்டார். இதைச் சொன்னது கண்டக்டர், அவர்தான் முதலில் ஓடி வந்து பக்கத்தில் நின்றவர். எல்லோரும் பார்த்தார்கள், அப்புறம் அது செத்தது. ஏழு பேருக்கும் ஒரே நாளில் ஒரே புதுசு, டீக்கடையே அதிர்ந்ததாம். உனக்கும் படம் அனுப்பினார், நீ கைதட்டும் பொம்மை போட்டாய், அதற்காக நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, நானும்தான் சிரித்தேன். பல் டாக்டருக்குத்தான் வீட்டுக்குப் போன பிறகு உறைத்தது, அவர் சொல்லித்தான் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பறவையை எடுத்துப்போனார்கள்.

நேற்றுக் காலை அப்பாவுக்குக் கண் சிவந்து உடம்பு கொதித்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் உடனே மாத்திரை ஆரம்பித்து, தொண்டையிலிருந்து பஞ்சில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். தொட்டவர்களுக்கெல்லாம் வராது, பெரும்பாலும் வராது என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள், மருந்துக்கடை வாசலில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். இப்போது உன் அறையில் தனியாக இருக்கிறார். சாப்பாட்டை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன், மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். அவர் இருமினால் கையில் பிடித்த கரண்டியோடு அப்படியே நிற்கிறேன், அடுத்த இருமல் வருகிறதா என்று. வராவிட்டால் அதுவும் பயமாக இருக்கிறது.

மற்றவர்களையும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் போன் செய்து, அண்ணி, வீட்டுக்குள்ள அடைச்சு வச்சதுல எனக்கு ஒரு புதுசு, பகல் வெளிச்சத்துல என் பொண்டாட்டிய இப்பத்தான் பாக்கறேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவ உன்னை உயிரோட விட்டா கணக்குல சேத்துக்கலாம்டா என்று உள்ளேயிருந்து இவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை.

தன்னைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்பதில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறு பேருக்கும் என்னைப் போன் செய்யச் சொல்லி, யாருக்காவது காய்ச்சலா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார், தினமும் இதே நேரத்துக்குக் கேட்பாராம். அவங்க பாட்டுக்கு மறுகரையில இருந்தாங்க, நான்தானே கூப்பிட்டேன் என்கிறார். அதிலும் டீச்சர். அவருக்கு இளைப்பு உண்டு. ஆந்தைதான் போச்சு, இதையாவது நல்லா பாருங்க என்று இவரே பக்கத்தில் உட்காரவைத்து, வாத்தின் தலையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். இன்று மதியம் டீச்சர் எனக்குப் போன் செய்து, தொண்டை கரகரன்னு இருக்கு, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க என்றார். அவரிடமிருந்தும் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நீ டிக்கெட் எதுவும் போடாதே, வந்தாலும் அறைக்குள் விடமாட்டார்கள். அப்பாவோடு பேசும்போது அழாமல் பேசு. குழந்தை பூங்காக் குளத்து வாத்துகளுக்கு ரொட்டி போடுவதாகச் சொன்னாயே, கொஞ்ச நாளைக்கு வேண்டாம், பிடிவாதம் பிடித்தால் வேறு விளையாட்டுக் காட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். போனைப் பக்கத்திலேயே வைத்திரு. அப்பாவின் முடிவு நாளை வெள்ளிக்கிழமை மதியம் வரும் என்கிறார்கள், டீச்சருடையது சனிக்கிழமை. ஆறு மணி ஆகப்போகிறது, அவர் கதவருகே வந்து டீச்சரைப் பற்றிக் கேட்பார். என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் அம்மா