கம்பியில் மாட்டிய சட்டை

அக்டோபர் 14, 1994

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம், இஸ்திரிப் பெட்டி உட்பட. நீ ஜெயிச்சதிலிருந்து நம்ம தெருவுல யாருக்கும் கால் தரையில படல. "ஜனங்க என்ன பேசிக்கிறாங்கன்னு எழுது, போன்ல வேணாம், நாலு காது கேக்கும்"னு சொன்னியே, அதான் எழுதறேன்.

தேச்ச உன் வெள்ளைச் சட்டையைக் கடை முன்னால கம்பியில, தெருவைப் பாத்த மாதிரி மாட்டியிருந்தேன். துணி கொடுக்க வந்த மருந்துக்கடைக்காரர் காலரைத் தொட்டுப் பாத்து, "நம்ம பையன் சட்டை"ன்னார். பின்னால நின்னவங்களும் ஆளுக்கொரு தரம் தொட, மறுபடி துவைக்க வேண்டியதாப் போச்சு. எனக்குப் பெருமை பிடிபடல.

சட்டைங்களை மூட்டையாக் கட்டி இங்கேயே அனுப்பு. அங்க எவனாவது தேச்சா காலர் நிக்காது. ஓட்டு எண்ணின அன்னிக்கு நீ போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை இங்கேயே கிடக்குது. வரும்போது எடுத்துக்க.

அக்கா

ஜூலை 2, 2001

அக்காவுக்கு,

நம்ம தெருவை அகலமாக்கிப் போட்ட ரோடு திறந்து ஒரு மாசம் ஆச்சு, உன் கடுதாசியைக் காணோம். வீடுங்களுக்கு முன்பக்கம் போச்சு, உன் கடையும் பாதி போச்சு, தெரியும். மந்திரியோட அக்கா கடையை மட்டும் விட்டுவச்சா ஊர் காறித் துப்பாதா? ரோடு இல்லாம நம்ம ஊர் உருப்படாது. ஜனங்க என்ன சொல்றாங்க? மறைக்காம எழுது.

தம்பி

ஜூலை 11, 2001

தம்பிக்கு,

மறைக்காம எழுதுன்னே. எழுதினப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.

மருந்துக்கடைக்காரருக்கு முன்னறை போச்சு. அவங்கம்மா கட்டிலை இப்ப சமையல்கட்டுல போட்டிருக்கார். நேத்து வந்தவர், "அந்தச் சட்டையை உள்ள மாட்டுங்கம்மா, பாத்தா வயிறு எரியுது"ன்னார். "உள்ளன்னு எனக்கு இப்ப எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். துணியை வாங்கிட்டுப் போனவர்தான், இப்ப வேற கடைக்குப் போறார். தெருவுல முக்காவாசிப் பேர் அப்படித்தான். சட்டையை நான் எடுக்கல.

அது போகட்டும். ரோடு திறக்க வந்தப்ப என் கடை வாசல்ல உன் கார் மெதுவாப் போச்சு. கண்ணாடியை இறக்கிக் கையாட்டினே. ஊருக்கெல்லாம் ஆட்டினதுல எனக்கும் ஒரு பங்கு. உனக்குப் பிடிச்சதா சமைச்சு வச்சிட்டு நின்னேன். கடை போனது வலிக்கல தம்பி, இதுதான் வலிச்சுது.

அக்கா

நவம்பர் 20, 2004

அக்காவுக்கு,

தோத்துட்டேன். கேள்விப்பட்டிருப்பே. கூட இருந்தவங்க எல்லாரும் நமக்குத்தான்னு சத்தியம் பண்ணாங்க. நீ ஒருத்திதான் மாத்தி எழுதினே. நியாயமில்லதான், ஆனா எனக்கு உன்மேலதான் கோபம் வருது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்கு வர்றது? இனிமே சட்டை அனுப்பல. நீயும் ஜனங்க பேச்சை எழுதாதே.

தம்பி

பிப்ரவரி 9, 2013

தம்பிக்கு,

எழுதாதேன்னே, இத்தனை வருஷமா வாயைக் கட்டிக்கிட்டேன். இன்னிக்கு முடியல.

மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கால இருந்திருக்கு. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்துச்சு. தெரு பழையபடி குறுகலா இருந்திருந்தா கட்டிலோட தூக்கிட்டு ஓடியிருக்கணும். தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. மனுஷன் மறுநாள் துணியோட என் கடைக்கு வந்தார். "உங்க தம்பி மாதிரி இனி ஒருத்தர் வருவாரா? நாமதான் மதிக்கல"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். இப்ப இருக்கறவரைத் திட்டாத வாயில்ல, உன்னைப் புகழாத வாயில்ல.

நின்னு நின்னு எனக்கு முழங்கால் போச்சு. கடையைப் பகல்ல மட்டும்தான் திறக்கறேன். இனிமே நீ தலை நிமிந்து வரலாம். வாடா.

அக்கா

பிப்ரவரி 27, 2013

அக்காவுக்கு,

படிச்சு அழுதுட்டேன். கட்சி ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். அடுத்த வருஷம் என்னையே நிறுத்தலாம்னு பேசிக்கிறாங்க. வெள்ளைச் சட்டை மூட்டை அனுப்பியிருக்கேன். பழையபடி தெருவைப் பாத்து மாட்டு. மருந்துக்கடைக்காரரை மேடையேத்திப் பேச வைக்கணும். வேற என்ன சொல்றாங்க ஜனங்க? பிரசாரத்துக்கு வரும்போது பாக்கலாம்.

தம்பி

மார்ச் 8, 2013

தம்பிக்கு,

கூச்சப்படாம வீட்டுக்கு வரட்டும்னு எழுதினேன். நீ அதைப் பிடிச்சுக்கிட்டுத் தேர்தலுக்குக் கிளம்பிட்டே.

மருந்துக்கடைக்காரரை நேராவே கேட்டேன், "என் தம்பி நின்னா ஓட்டுப் போடுவீங்களா?" தேச்ச துணியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டிருந்தவர் நிறுத்திட்டார். "எதுக்கும்மா நிக்கணும்? நிக்காம இருக்கறதாலதானே அவர் நல்லவர்"ன்னார். கேலியாச் சொல்லல, அக்கறையாத்தான் சொன்னார்.

போன மாடு குடம் குடமாக் கறந்துச்சுன்னு சொல்ற ஊர் இது. அதே மாடு திரும்பி வந்தா கொம்பைத்தான் பாப்பாங்க. நிக்காதே தம்பி. சட்டைங்களைத் தேச்சு அனுப்பியிருக்கேன். ஒண்ணையும் வெளியில மாட்டல.

அக்கா

நவம்பர் 22, 2014

தம்பிக்கு,

பதில் போடல, நின்னுட்டே. வேன்ல வந்தே, கையாட்டினே. நீ நிக்கறேன்னு தெரிஞ்ச அன்னிக்கே தெருவுல இடிஞ்ச வீட்டுப் பேச்சு திரும்ப வந்துடுச்சு. தன் அம்மா கட்டில் சமையல்கட்டுக்குப் போன கதையை மருந்துக்கடைக்காரர் வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் சொன்னார். அந்தம்மா செத்தே பல வருஷமாச்சு. நான் உனக்குத்தான் போட்டேன். நீ மூணாவதா வந்தே.

நேத்து மறுபடி வந்தார். "பாவம்மா, தங்கமான மனுஷன்"ன்னார். தோத்த மறுநாளே நீ நல்லவனாயிட்டே. எனக்கு அவர்மேல கோபம் வரல. ரெண்டு தடவையும் அவர் மனசாரத்தான் சொன்னார்.

நீ என்கிட்ட கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, ஜனங்க என்ன சொல்றாங்க. அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிடுச்சு. இனிமே எழுத மாட்டேன். உன் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேச்சுக் கம்பியில மாட்டியிருக்கேன். அது யாரு சட்டைன்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியல.

அக்கா

டிசம்பர் 3, 2014

அக்கா,

முழங்கால் இப்ப எப்படி இருக்கு?

ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்றேன். ரோட்டு முனையில இறங்கி நடந்து வர்றேன். அந்தச் சட்டை இப்ப எனக்குப் பத்தாது. இருந்தாலும் நான் வர்ற வரைக்கும் கம்பியிலேயே இருக்கட்டும்.

தம்பி