யார்க்கர் போடாத ஓவர்

7.2.93, ஞாயிறு இரவு

அரையிறுதியில் ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்காரர் போட்ட கடைசி ஓவரைப் பற்றிய சண்டை எங்கள் வாசலில் ராத்திரி வரை ஓயவில்லை.

"ஆறு பாலும் ஸ்லோவா போட்டாரே, வேகமா கால்கிட்ட எறங்குற மாதிரி ஒரு யார்க்கர் போட்டா இன்னா? பவுண்டரில கேட்ச் வுட்டிருந்தா அவ்ளோதான்" என்றான் பக்கத்து வீட்டு சேகர்.

"அதான்டா மூளை. பேட்ஸ்மேன் வேகமா வரும்னு நெனச்சிகினு இருந்தான், ஏமாந்துட்டான்" என்றான் எதிர்வீட்டுக் கண்ணன்.

பந்து போட்டவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் ஃபைனல். விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி அன்றைக்கு வருகிறாராம். அவருக்கு வேகம்தான் வேண்டுமாம்.

சாப்பாடு போட்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பூன் கேட்டார். இந்த வீட்டில் யாரும் ஸ்பூனால் ரசம் சாதம் சாப்பிட்டதில்லை. எரிச்சலோடு எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கினார். வலது கை மடியிலேயே கிடந்தது. தோள் வீங்கியிருந்தது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"எப்பத்திலேருந்துங்க இப்படி?"

"மெதுவா பேசு. அவனுங்க காதுல வுழுந்துடப் போவுது."

அதற்குள் சேகர் ஜன்னலில் முகத்தை வைத்தான். "அண்ணா, ஃபைனல்ல யார்க்கர்தான். சரியா?"

இவர் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சேகர் சந்தோஷமாகப் போய்விட்டான். எந்தக் கை என்று அவன் பார்க்கவேயில்லை.