சர்க்கரை டப்பாவில் கொழுப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். வழக்கமாக எழுதுகிற வரிதான், ஆனால் இந்த முறை முன்னறைக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அப்பா யாரோ ஒருவருடைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார், முகம் தெளிவாக இருக்கிறது. நீ அங்கே சுகம்தானே, குளிர் விட்டதா, இருமல் நின்றதா. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும், உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வேறு வாங்கியிருக்கிறார். வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், பேனாவைத் திறக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பதறாமல் கடைசிவரை படி, அப்பாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை.

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் சோறு, ரொட்டி எல்லாவற்றையும் விட்டு, இறைச்சியும் முட்டையும் கீரையுமாகச் சாப்பிட்டுச் சர்க்கரை அளவை இறக்கினாய் அல்லவா, அதைச் சர்க்கரை இருக்கிற அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தாய், அவர் உனக்கும் ஒரு படி மேலே போய்விட்டார். கறிக்கடைக்காரர் நாய்க்குப் போடுகிற கொழுப்பை இப்போது இவருக்கென்று தனியாக எடுத்துவைக்கிறார். அதை நான் பொடிப்பொடியாக நறுக்கி இளந்தீயில் உருக்க வேண்டும், இறங்குகிற நெய் சமையலுக்கு, சட்டியில் மிஞ்சும் மொறுமொறு துண்டுகள் இவர் கொறிக்க. கோழித் தோலையும் விடுவதில்லை. காய்ந்த கறித்துண்டை, அதுதான் உப்புக்கண்டத்தை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வேலை பார்க்கிறார், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது. இந்த வயதில் உங்களுக்குக் கொழுப்பு கூடித்தான் போய்விட்டது என்றேன், சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை வாயில் போட்டார். வீட்டில் பொட்டு இனிப்பு இருக்கக்கூடாது என்று நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சர்க்கரை, வெல்லம், தேன், பிஸ்கட் எல்லாவற்றையும் பக்கத்துத் தையல் கடை அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். காலியான சர்க்கரை டப்பாவைக் கழுவிக் காயவைத்து, உருக்கிய கொழுப்பை அதில்தான் ஊற்றி வைத்தேன். அவருக்கும் சர்க்கரை அளவு மளமளவென்று இறங்கியது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டை மாற்றியவர் மாத்திரையை மாற்றவில்லை. வேளாவேளைக்குச் சோறு சாப்பிடுகிறவருக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரையை, சோற்றை விட்ட பிறகும் காலையும் மாலையும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டை மாற்றியதைப் பற்றி டாக்டரிடம் மூச்சு விடவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, அவர் எந்த மாத்திரை போடுகிறார் என்று உனக்கும் தெரியாது. கை நடுங்கியிருக்கிறது, திடீர் திடீரென்று வேர்த்திருக்கிறது, எங்களிடம் மறைத்திருக்கிறார். ஒரு மோட்டாருக்கு இணைப்பைத் தப்பாகக் கொடுத்து அது புகைந்து திரும்பி வந்தது, அவர் கட்டிய காயில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்குக் கம்பி சரியில்லை என்றார், நானும் நம்பினேன்.

போன வாரம் மதியம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கடைப்பக்கம் போனேன். செப்புக் கம்பியை விரலில் சுற்றியபடி தரையில் உட்கார்ந்திருந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, கடை இன்னும் தொறக்கலைங்க, அப்புறமா வாங்க என்றார். கட்டிய மனைவியை யாரோ வாடிக்கைக்காரர் மாதிரி மரியாதையாகப் போகச் சொன்னார், மகனே. பசி மயக்கம் என்று நினைத்து அவர் பையிலிருந்த உப்புக்கண்டத்தையே எடுத்து வாயில் வைத்தேன், அதை மெல்லத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் தையல் கடை அம்மா ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் இது வந்ததுண்டாம், நெற்றியைத் தொட்டுப் பார்த்தவுடனே, சர்க்கரை எறங்கிருச்சுக்கா, வாயில இருக்கறத எடுத்துட்டு இனிப்பா ஏதாவது குடுங்க என்றாள். அடுப்படிக்கு ஓடினேன், பழக்கத்தில் கை சர்க்கரை டப்பாவுக்குத்தான் போனது, மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது, கரண்டியை விட்ட பிறகுதான் அது கொழுப்பு என்று உறைத்தது. இவ்வளவு பெரிய வீட்டில் என் புருஷன் நாக்கில் வைக்க ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. நான் வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள் அந்த மகராசி தன் கடையிலிருந்து சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்துவிட்டாள், நாங்கள் கொடுத்த சர்க்கரைதான் அது. நல்லவேளை அவருக்கு விழுங்க முடிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்து, ஏன் அழுவுற என்று கேட்டார், அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் உன் சாப்பாட்டு முறையைக் கண்டபடி திட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சோறு சாப்பிடாதவருக்கு அந்த மாத்திரை அதிகம், சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும், என்னைக் கேட்காமல் எப்படி மாற்றினீர்கள் என்றுதான் கோபித்தார். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார், இன்னொன்றைக் குறைத்துவிட்டார். கொழுப்புத் துண்டும் உப்புக்கண்டமும் நாள் முழுக்கக் கொறிக்க வேண்டாம், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஆகாது, மீன், முட்டை, பருப்பு, காய் என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்க வேண்டுமாம். யார் சொல்லி இதை ஆரம்பித்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, யாரும் சொல்லல, நானாத்தான் என்று உன் அப்பா சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வீட்டுக்கு வந்து, இதை நம் பிள்ளையிடம் சொல்லியே தீருவேன் என்று நின்றேன். வேண்டாம், அவன் பயந்துபோய் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிருவான் என்றார். சொன்னால் நிறுத்திவிட்டுப் போவோம், உயிரைவிடவா இந்தக் கொழுப்பு என்றேன். அவர் கீழே கிடந்த கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அப்புறம், நிறுத்திட்டா காலையில அவன்கிட்ட என்னத்தப் பேசறது என்றார்.

நீ கடையில் உட்காரமாட்டேன் என்று சொல்லிக் கிளம்பிப் போனதிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால் ஆபீஸ். நல்லா இருக்கானான்னு கேளு என்பார் அவர், சாப்பிட்டாரான்னு கேளும்மா என்பாய் நீ. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்துதான் பேச்சு வந்தது. விடிந்ததும் விரலைக் குத்தி, அந்தச் சர்க்கரை அளவைத் தானே போன் போட்டு உனக்குச் சொல்கிறார், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நீ கேட்கிறாய், நீ சிரித்துவிட்டால் அதை அன்று முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு நின்றுவிடும் என்றுதான் மயக்கத்தை மறைத்தார், டாக்டரிடம் மறைத்தார். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நீ அவர் நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் இது உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. நீயும் உன் டாக்டரிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒளிக்காமல் சொல், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. பையில் மிட்டாய் வைத்துக்கொள். தனியாக இருக்கிற பிள்ளை, உனக்கு ஓடிவர அங்கே பக்கத்துக் கடை அம்மா கிடையாது. ராத்திரியில் இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், கண்ணு, அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் அவர் கூப்பிடும்வரை காத்திருக்காதே, நீ கூப்பிடு. சர்க்கரை எவ்வளவு என்று கேட்காதே, வேறு எதையாவது கேள், மோட்டாரைப் பற்றிக் கேள், முட்டி வலியைப் பற்றிக் கேள், ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா அப்பா என்று கூப்பிட்டுவிட்டு இரு. அவருக்குப் பேச்சு வராது, கொஞ்சம் திணறிவிட்டு, இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன் என்பார். நான் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா