தொட்டியில் நனைந்த மெத்தை

ஜன. 6, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். புதூர்நாட்டிலிருந்து சாமான் ஏற்றி வரும் ஜீப் தாமதம். நான் முன்பதிவு பார்க்கும் விடுதிக்கு இரண்டு மெத்தைகள் வந்தன. ஒன்று மெமரி ஃபோம். சுருட்டி பிளாஸ்டிக்கில் இறுக்கியிருந்தது, பிரித்ததும் மெதுவாக எழுந்தது. இன்னொன்று லேடெக்ஸ், ரப்பர் பாலில் செய்தது. நல்ல கனம். நானும், இங்கேயே அறை பெருக்கும் என் அம்மாவும், சமையல் ஏழுமலை அண்ணனும் சேர்ந்து தூக்கினோம்.

விடுதி முதலாளி வசந்தா மேடம்: "எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி வாங்கணும். நீ ஒரு ராத்திரி இதுல, ஒரு ராத்திரி அதுல படுத்துப் பார்த்துட்டு எழுதிக் குடு. டிகிரி முடிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லித் தரணுமா?"

தலையாட்டினேன். காலேஜ் ஹாஸ்டலின் பஞ்சு மெத்தை தவிர வேறெதிலும் படுத்ததில்லை என்று சொல்லவில்லை.

ஏழுமலை அண்ணன்: "படுக்கறதுக்கு சம்பளம். குடுத்து வெச்சவ நீ." அம்மாகூடச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

ஜன. 7, புதன்

லேடெக்ஸ் முடிந்தது.
– உள்ளே வாங்குவதில்லை. மேலே தாங்குகிறது.
– புரண்டு படுக்க எளிது.
– குளிரிலும் அதே மெதுமை.
– ரப்பர் வாசம். புதுச் செருப்புக் கடை மாதிரி.
– உட்கார்ந்தால் கொஞ்சம் துள்ளுகிறது. (எழுதலாமா? வேண்டாம். மேடம் என்ன நினைப்பார்.)

விடியும்போது தரையில் கிடந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது. இதையும் எழுதப்போவதில்லை.

ஜன. 8, வியாழன்

கடுங்குளிர். மெ. ஃபோம். படுத்ததும் பலகை மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பேச்சு என்று நினைத்தேன். உடம்புச் சூடு ஏற ஏற இளகி, தோளையும் இடுப்பையும் அதனதன் அளவுக்கு உள்ளே வாங்கிக்கொண்டது. திரும்பினால் புது இடம் மறுபடி பலகை. அதனால் திரும்பவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

எழுந்தால் கறை. இந்த மாதம் முன்னாடியே வந்துவிட்டது. விரிப்பைத் தாண்டி மெத்தைமேல். நான் படுத்திருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் கறை. கையால் மூடிக்கொண்டு நின்றேன். யாரும் இல்லாத அறையில்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"வூட்டுக்குத் தூரமா? அதும்மேலயா படுத்த? சரி, நீ கீழ போ. நான் பாத்துக்கறேன்."

விரிப்பைத் துவைப்பாள் என்று நினைத்தேன். போய் முன்பதிவு போன்களுக்குப் பதில் சொன்னேன்.

ஜன. 9, வெள்ளி

வெயில். நேற்று மத்தியானமே அம்மா மெத்தையை அப்படியே பின்பக்கத் தொட்டியில் போட்டு முக்கியிருக்கிறாள். எங்கள் ஊரில் அதுதான் முறை. தூரமானவள் படுத்த பாய், போர்வை எல்லாம் முழுசாக நனைந்தால்தான் மறுபடி வீட்டுக்குள் வரும். ஃபோம் தொட்டித் தண்ணீரையே குடித்திருக்கிறது. இழுத்ததில் ஓரம் பிய்ந்து, உரித்த ஆடு மாதிரி மதில்மேல் தொங்குகிறது. இன்னும் சொட்டுகிறது.

மேடம் வந்தார். அவர் கணவரும்.

"மெத்தையை யாராவது தண்ணில போடுவாங்களா? உறைக்கு ஜிப் இருக்குதே, அதை மட்டும் கழட்டித் துவைக்கத் தெரியாதா?"

"அழுக்கா இருந்திச்சிமா. அலசிட்டேன்."

"புது மெத்தையில என்ன அழுக்கு?"

அம்மா தரையைப் பார்த்தாள். என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

சார் சொன்னார்: "இதுங்களுக்கு பாயே சரி."

"நாளையிலருந்து நீங்க வர வேணாம்," என்றார் மேடம். பிறகு என்னிடம், குரல் மாறி: "நீ எழுதிட்டியாம்மா?"

தாளை நீட்டினேன். நீட்டினேன், அவ்வளவுதான். 'இதுங்க' என்றபோது நானும் அதில் இருந்தேன். தாளை நீட்டி வெளியே வந்துவிட்டேன்.

ஜன. 10, சனி

அம்மா வேலைக்குக் கிளம்பவில்லை. காலையிலேயே சாமை புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வாய மூடிக்கினு போ."

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. விடுதிக்குப் போய், போனில் தட்டினேன், அழித்தேன், தட்டினேன். கடைசியில் அனுப்பியது: 'மேடம், கறை என்னுடையது. அதைப் போக்கத்தான் அம்மா நனைத்தார்கள்.'

உடனே கூப்பிட்டார். "அடிப் பைத்தியமே, இதுக்கா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? அம்மாவைத் திங்கக்கிழமை வரச் சொல்லு." பின்னாலிருந்து சார் குரல்: "என்னாவாம்?" மேடம், போனை மூடாமல்: "அந்தப் பொண்ணுக்கு பீரியட்ஸாம், மெத்தையில ஆயிடுச்சாம்..."

முழுசும் கேட்டது. வைத்துவிட்டேன்.

ஆனாலும் வேலை திரும்பக் கிடைத்ததே என்று வேகமாக நடந்து வீடு வந்தேன். சொன்னதும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளுக்கும் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"திட்டு வாங்கனது நானு. அது ரெண்டு நாள்ல போயிடும். இது போவுமாடி? அப்புறம் எதுக்கு நான் அந்த மெத்தையோட மல்லுக்கட்னேன்?"

இரவு சாப்பாட்டுக்கு அவளே கூப்பிட்டாள், பெயர் சொல்லாமல். அவளுக்காகச் சொன்னேனா, எனக்கு நெஞ்சு அரித்ததால் சொன்னேனா? தெரியவில்லை.

ஜன. 12, திங்கள்

மேகம். எல்லா அறைக்கும் லேடெக்ஸ் என்று முடிவாம். அம்மா வேலைக்கு வந்தாள். வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தாள்.

ஜீப் சத்தம். சார்தான், மெத்தைகளோடு. அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு சாமான் அறைக்குள் நுழைந்தாள். யோசிக்காமல் நானும். கதவைச் சாத்திக்கொண்டோம்.

வெளியே சார்: "அந்தப் பொண்ணு எங்க? வந்து பார்த்து எடுத்து வெக்கச் சொல்லு."

ஏழுமலை அண்ணன்: "இங்கதான் சார் இருந்திச்சி."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "போ. நீயும் ஒளிஞ்சிக்கினா எப்படி?"

நான் போகவில்லை.