இலஞ்சி ரோட்டில் ஒரு தேயிலைப் பெட்டி

தென்காசி,
சுபகிருது வருஷம், சித்திரை மாதம்.

சௌபாக்கியவதி கல்யாணசுந்தரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். விசுவநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியும் சௌக்கியம், அங்கே கிளாஸ்கோவில் குளிர் கொஞ்சமாவது விட்டு நீங்கள் மூன்று பேரும் சௌக்கியமாக இருப்பதாகத் தபால்காரன் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆனியில் கப்பலில் வந்து இறங்குவதாகவும், உன் ஆபரேஷன் தையல் பிரிந்து மறுபடி போட்டதால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகவும், சாயங்காலம் பிராம் வண்டியில் போட்டு அரைமணி நேரம் தள்ளினால்தான் அவள் தூங்குவாள் என்றும் எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். தென்காசிப் பக்கம் அப்படித் தள்ளிக்கொண்டு தனியாக நடக்க ஒரு நல்ல வழி இருக்கிறதா, இல்லாவிட்டால் சென்னையில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன், அங்கே கடற்கரை ரோடு வழவழவென்று இருக்கிறது, ஊருக்கு ரெண்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று எழுதினாய் பார், அதை உன் அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. முப்பது வருஷம் ரோட்டு ஓவர்சியராக வெயிலில் நின்ற மனுஷரிடம் உங்கள் ஊரில் ரோடு இருக்கிறதா என்று பெற்ற மகளே கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும். காப்பியை அப்படியே வைத்துவிட்டு, "நான் போட்ட ரோட்டுல எம் பேத்தி போகக் கூடாதா" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் மறித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

எந்த ரோடு தோது என்று தானே தள்ளிப் பார்த்துவிட மறுநாளே தச்சன் ஏசுவடியானைக் கூப்பிட்டு, மலை எஸ்டேட்டிலிருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றுக்குச் சைக்கிள் கடையில் கிடந்த சின்னச் சக்கரங்களை மாட்டி, ஒரு கைப்பிடியும் வைக்கச் சொன்னார். அவன் மிச்சம் கிடந்த சிவப்புப் பெயிண்டை வேறு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டியில் பாப்பா கனத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் என் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டார். அது உருளாமல் இருக்க என் பழைய மஞ்சள் சேலைக் கிழிசலை நானே சுற்றிக் கொடுத்தேன், புத்தி கெட்டவள். குலுக்கல் எப்படி என்று பார்க்க மூடி போட்ட தூக்குச்சட்டியில் தயிரும் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்தது, எங்கள் வீட்டில் துவையல் என்ற பேச்சே இல்லை, தினமும் இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான்.

முதலில் ரத வீதி. அங்கே மாடுகள் எழுந்திருக்க மாட்டேன் என்றன, நம்மூர் மாடுகள் தேருக்கு மட்டும்தான் எழுந்திருக்கும். அடுத்து குற்றாலம் ரோடு. போகும்போது கெட்டித் தயிர், வரும்போது மோரும் மேலே திரண்ட வெண்ணெயும். நான் சிரித்தேன், ரோட்டில் தப்பில்லை, மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை கெடுத்துவிட்டது என்றார். குற்றாலத்தில் ஒரு குரங்கு வந்து துணியை விலக்கி உள்ளே பார்த்ததாம், குழவியைப் பார்த்துவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்ததாம். அந்தப் பார்வையை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்தருவிக்கு ஏறும்போது அவர் பெட்டியைத் தள்ளினார், இறங்கும்போது பெட்டி அவரை இழுத்தது, செருப்பு வார் அறுந்து, கட்டை வண்டிக்காரன் ஒருவன் பிடித்திராவிட்டால் ரெண்டு பேரும் ஓடைக்குள் போயிருப்பார்கள். வடகரை வரப்புப் பாதை நல்ல பாதைதான், ஆனால் பெட்டியின் ஒரு பக்கச் சக்கரம் வயலில்தான் போகும். கடைசியில் மிஞ்சியது இலஞ்சி ரோடு. தென்னந்தோப்பு நிழல், ஒரு பக்கம் வயல், ஏற்றம் இறக்கம் கிடையாது, அங்கங்கே குழி மட்டும்தான்.

இலஞ்சிக்கு அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. செருப்பைத் தைக்கக் கொடுத்திருந்ததால் வெறுங்கால். குழி பார்த்துத் தள்ள வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் போயிருக்கிறார். முன்னால் சிவப்புப் பெட்டி, உள்ளே மஞ்சள் துணி சுற்றிய கறுப்புக் கல், தலை மட்டும் எண்ணெய் மினுக்கில் வெளியே தெரிகிறது. பார்த்தவர்களைச் சொல்லி என்ன, நானாக இருந்தாலும் கும்பிட்டிருப்பேன். அங்கே வளைவில் நுங்குக் கடை போட்டிருக்கிற முப்பிடாதியம்மாள் எழுந்து நின்று, யாருக்காகத் தள்ளுதீய அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறாள். இவர் நிமிராமலே, பேத்திக்காக, சீமையில் இருக்கிறாள், ஆபரேஷன், தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டான் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு போதாதா. அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்து குலவையிட்டு, என் குழவியைக் குளிப்பாட்டி, பூச்சூட்டி, சாம்பிராணி காட்டி, நாலு பேர் உருண்டு கும்பிட்டும் விட்டார்கள். குழவி என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கும் அம்மன் வருமா என்று கேட்டதற்கு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது முட்டைக்கார சுல்தான் பீவி வந்து சொன்னதுதான். இலஞ்சியிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு ஓடி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேத்திக்கு ரொம்ப முடியலையாமே ஆச்சி, அண்ணாச்சி நடு ரோட்டுல அழுதுக்கிட்டு நிக்காக" என்றாள். அவர் கண்ணில் சாம்பிராணிப் புகை என்று எனக்கு எப்படித் தெரியும். பெட்டியில் இருப்பது என் வீட்டுக் குழவி என்று தெரிந்தவள் நான், இருந்தும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒன்றும் ஓடவில்லை, தந்தி வந்து எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டு இவர் நேர்ச்சைக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். சாமி முன்னால் போய் நின்றேன். கல்யாணி, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல, பாப்பாவை நினைத்துக் கும்பிடலாம் என்று கண்ணை மூடினால் முகம் வரவில்லை. நீ அனுப்பிய படத்தில் கம்பளிக் குல்லாவும் ஒரு மூக்கும்தான் இருக்கிறது. உன் முகம் வருகிறது, நீ பிறந்தபோது இருந்த முகம், அதை வைத்துத்தான் அழுதேன். அவர் வேப்பிலையும் பூவுமாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது, சுல்தான் பீவியே காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி நானும் கூடப் போனேன், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று. போய்ப் பார்த்தால் என்ன சொல்ல, அம்மன் வருகிறது என்று அந்த ஜனங்கள் குழியெல்லாம் ஓடை மணல் போட்டு மிதித்து, புழுதிக்குத் தண்ணீர் தெளித்து, ரோட்டோரச் சாணிக் குவியலை அந்தப் பக்கம் தள்ளி, மாடுகளைத் தோப்புக்குள் கட்டியிருக்கிறார்கள். உன் அப்பா குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதோடு, இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை முடிந்து நான் பார்த்ததில்லை, இப்போது போய்ச் சொல்லிக் கெடுத்துவிடாதே என்றார். சாமி பேரில் ஏமாற்றின ரோட்டில் என் பேத்தி போக வேண்டாம் என்று நான் முப்பிடாதியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், குழவியையும் துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவள் குழவியைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள், "இத மொதல்லயே சொன்னா என்ன ஆச்சி, பச்சப்பிள்ளைக்குன்னா மண்ணு போடமாட்டமா? சாமி என்ன கோவிக்கவா போகுது. எப்ப வருதான்னு மட்டும் சொல்லுங்க, அன்னைக்கும் மாட்ட அவுத்து விடாம பாத்துக்கிடுதோம்." அதோடு விடவில்லை, அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள், நின்றுபோனால் இங்கே ஒருத்தனும் மண் போடமாட்டான் என்று. உன் அப்பா இப்போது வெள்ளிக்கிழமை என்றால் விபூதி பூசிக்கொண்டுதான் கிளம்புகிறார்.

ஆகவே நீ கேட்டபடி வழி ஒன்று இருக்கிறது. தனியாக என்று கேட்டாயே, அதற்குத்தான் வகையில்லை. நீ வண்டியைத் தள்ளினால் பின்னால் அந்தத் தெருவே வரும், ஆளுக்கு ஒரு தடவை கன்னத்தைக் கிள்ளும், ஒருத்தி திருஷ்டி கழிப்பாள், ஒருத்தி ஏன் இவ்வளவு மெலிவு என்று கேட்பாள், அரைமணி நேரத்தில் பாப்பா தூங்குவாள் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. சென்னையில் உன்னை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அதுதான் உடம்புக்குச் சுகம் என்றால் அங்கேயே இரு, நான் வருத்தப்பட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் வருத்தப்படுவேன். ரோடு, பெட்டி, தயிர் என்று இவ்வளவு எழுதியதும் ஒன்றே ஒன்றுக்குத்தான், எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீ கனம் தூக்காதே, தண்ணீர் வாளியைக்கூடத் தூக்காதே. ஆனிக் காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து எப்படி வரும் என்று உனக்குத் தெரியும், பிராம் கூரையை மடக்கி வைக்க வருமா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் வண்டி தானாகவே பாவூர்சத்திரம் போய்விடும். மூன்று பேரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கப்பல் தேதி தெரிந்ததும் மறக்காமல் எழுது, சந்தைக்குப் போனால் எல்லோரும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் அதேதான் கேள்வி.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
முத்துவடிவு