பஞ்சாங்கத்தில் இல்லாத விரதங்கள்

பிரமோதூத வருஷம், தை 9, வியாழன்.

நான் வளர்த்த கறவைப் பசுவை என் வீட்டுக்காரர் இன்று காலை என்னைக் கேட்காமலே எடப்பாடியில் இருக்கும் தன் தங்கைக்கு ஓட்டி அனுப்பிவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு இன்று விரதம்" என்று சொல்லிப் பட்டினி கிடந்தேன். மத்தியானம் என் கைக்குழந்தை பாப்பா மார்பில் பால் குடிக்க வந்து, பட்டினியால் எனக்குப் பால் ஊறாமல் வீறிட்டாள்.

கொழுந்தன் மனைவி பாவாயி சும்மா இருப்பாளா? "ஏனுங்கக்கா, இது முருகனுக்கா, மாமனுக்கா? மாமா வாயத் தொறந்த அன்னிக்கெல்லாம் முருகனுக்கு விரதம் வந்துருதுங்களே!"

கோபத்தோடு என் விரத நோட்டைப் புரட்டினேன். ஆடியிலிருந்து பஞ்சாங்கத்தில் இல்லாத விரதம் பதினொன்று. பதினொன்றும் சண்டை நாட்கள். புண்ணியம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். நான் மயங்கி விழுவதை அவர் பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

விளக்கின் முன் உட்கார்ந்து முருகனிடம் இதை அப்படியே சொன்னேன். நோட்டில் பதினொன்றையும் கோடு போட்டு அடித்தேன். இனிக் கோபம் உள்ள நாளில் விரதம் கிடையாது. பசியைத் தாங்கிய அதே பிடிவாதத்தால் வாயைத் திறந்து கேட்பேன். பிறகு இரண்டு கும்பா கம்பங்கூழ் குடித்தேன்.

சாயங்காலம் அவரிடம், "ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமுங்க. எனக்கு மனசு ஆறலீங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நாளைக்கும் கேட்பேன்.

பாப்பா முனகுகிறாள். இப்போது கொஞ்சம் பால் இருக்கிறது.